பேச்சிப்பாறை மடையும் எட்டு சென்டிமீட்டர் கம்பியும்

குமரி மாவட்டத்தில் "சானல்ல தண்ணி விட்டாச்சா?" என்று யாராவது கேட்டால் டிவி ரிமோட்டைத் தேட வேண்டாம். தோவாளை சானல், அனந்தனாறு சானல், பட்டணங்கால் சானல் என்று பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீரைக் கொண்டுபோகும் கால்வாய்களுக்கு இங்கே அதுதான் பெயர். வயர்லெஸ் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் தடுக்கி விழும் சொல்லும் இதுவே. விசைப்படகில் இருக்கும் விஎச்எஃப் செட்டில் "16-ம் சானலுக்கு வா" என்றால் அது ஒரு அதிர்வெண்ணுக்கு வைத்த எண், 156.8 மெகாஹெர்ட்ஸ். பாடப்புத்தகம் "சானல்" என்று சொல்வது வேறு. அனுப்பும் ஆன்டெனாவின் நுனியிலிருந்து வாங்கும் ஆன்டெனாவின் நுனிவரை நடுவில் கிடக்கிற எல்லாம் சேர்ந்ததுதான் அது: காற்று, தென்னை, ஓட்டுக்கூரை, கடல், குறுக்கே நிற்கிற ஆள்.

இந்த இரண்டாவது பொருளுக்கு ஊர்ச் சொல்லே கைகொடுக்கிறது. மடையில் திறந்த தண்ணீர் அத்தனையும் கடைவரம்புக்கு வந்து சேர்வதில்லை. வழியில் கசிகிறது, பாசியில் தேங்குகிறது, யாரோ குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள். எங்கே எவ்வளவு போயிற்று என்று கண்டுபிடிப்பதுதான் சானல் படிப்பின் பாதி. மீதிப் பாதிக்கு இந்த ஒப்புமை உதவாது. தண்ணீரோடு தண்ணீர் சேர்ந்தால் கூடத்தான் செய்யும். அலையோடு அலை சேர்ந்தால் இரண்டும் இல்லாமல் போகலாம். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கணக்குமொழி. இது டெசிபெல்லில் நடக்கிறது. 3 டெசிபெல் என்றால் இரண்டு மடங்கு, 6 என்றால் நான்கு, 10 என்றால் பத்து. ஒரு மில்லிவாட்டை 0 டிபிஎம் என்று வைத்துக்கொள்கிறோம். 14 டிபிஎம் 25 மில்லிவாட். இதற்குமேல் மனப்பாடம் வேண்டாம். பெருக்கலெல்லாம் கூட்டலாகவும் வகுத்தலெல்லாம் கழித்தலாகவும் மாறிவிடுவதால் வழிநெடுக உள்ள இழப்பை வட்டிக்கடைக் கணக்கு மாதிரி வரிசையாகக் கழித்துக்கொண்டே போகலாம்.

கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் செட்டிங்ஸில் சிம் நிலையைத் திறந்து பாருங்கள். "டவர் கிட்டல" என்று நாம் சொல்வதற்கு அங்கே ஓர் எண் இருக்கும். 4ஜி-யில் மைனஸ் 80 டிபிஎம் என்றால் நன்று, மைனஸ் 100 சுமார், மைனஸ் 115 என்றால் வாசலுக்கு வந்து பேச வேண்டியதுதான். வைஃபை காட்டும் எண்ணோடு இதை ஒப்பிடுவது வழக்கமான தவறு. 4ஜி காட்டுவது 15 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சிறு கூறின் வலிமை. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அப்படி 1,200 கூறுகள். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 31 டெசிபெல் வித்தியாசம் சும்மாவே இருக்கிறது.

வெட்டவெளியில் இழப்பு எவ்வளவு? 32.4-ஐ எழுதிக்கொள்ளுங்கள். அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸில் வைத்து அதன் லாகை (10 அடிமானம்) 20-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். தூரத்தைக் கிலோமீட்டரில் வைத்து அதையும் அப்படியே கூட்டுங்கள். 866 மெகாஹெர்ட்ஸில் 1 கி.மீ.க்கு 91 டெசிபெல் வரும். இந்த அதிர்வெண்ணை எடுப்பதற்குக் காரணம் உண்டு: இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, வரையறுத்த திறனுக்குள், தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். குறைந்த திறனில் சிறு செய்திகளை வெகுதூரம் அனுப்பும் லோரா மாட்யூல்கள் இங்கேதான் இயங்குகின்றன.

இப்போது கழிப்போம். அனுப்புவது 14 டிபிஎம். இரு முனையிலும் ஆன்டெனா தருவது 2, 2. மொத்தம் 18. அதிலிருந்து 91 போனால் மைனஸ் 73 டிபிஎம். எஸ்எக்ஸ்1276 என்ற லோரா சிப், எஸ்எஃப்7 அமைப்பில் (எஸ்எஃப் என்பது செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புகிறோம் என்பதற்கான எண்), 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் மைனஸ் 123 டிபிஎம் வரை கேட்கும். அது ஒரு மில்லிவாட்டை இரண்டு லட்சம் கோடிப் பங்கு வைத்தால் வரும் ஒரு பங்கு. ஆக 50 டெசிபெல் மிச்சம். தூரம் பத்து மடங்கானால் வெட்டவெளியில் 20 டெசிபெல்தான் குறையும் என்பதால், காகிதக் கணக்குப்படி இந்தச் சின்னப் பலகை 316 கி.மீ. போக வேண்டும்! நாகர்கோவில் வடசேரியில் தெருமட்டத்தில் வைத்தால் அது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் திணறிவிடும். மிச்சமிருந்த 50 டெசிபெல்லைத் தின்றது யார் என்பதே கேள்வி.

விடை தேடுவதற்கு ராலே, ரைசியன் என்று சிக்னலின் ஏற்ற இறக்கத்துக்கான சூத்திரங்களில் தொடங்குவது எங்கள் பார்வையில் தலைகீழ் வழி. முதலில் அளந்து, வரைந்து பாருங்கள். சூத்திரம் எதற்கு என்று பிறகு தானே விளங்கும்.

தேவையானவை: எஸ்எக்ஸ்1276 சிப் உள்ள இஎஸ்பி32 லோரா பலகை இரண்டு, ஆன்டெனா இரண்டு, பவர்பேங்க் இரண்டு, 1.5 மீட்டர் பிவிசி குழாய் ஒன்று, நோட்டு. வாங்கும்போது 433 மெகாஹெர்ட்ஸ் பலகையும் 868 என்று விற்கும் பலகையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 868 என்று அச்சிட்டதை எடுத்து, நிரலில் 866 வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாவில்தான் ஏமாற்றம் அதிகம். 866-ல் அலைநீளம் 34.6 செ.மீ., அதன் கால்பங்கு 8.6. கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாக ஓடுவதால் 8.2 செ.மீ. அளவுக்கு வெட்டினால் சரியாக வரும். 433-க்கான 17 செ.மீ. கம்பியை "பெரிசுதானே, நல்லா எடுக்கும்" என்று மாட்டக்கூடாது. 866-ல் அது அரை அலைநீளம். அடிமுனையில் மின்மறுப்பு மிக உயர்ந்து, அனுப்பும் திறன் உள்ளே ஏறாமல் திரும்பிவிடும். ஆன்டெனா இல்லாமல் பலகைக்குக் கரண்ட் கொடுப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. திரும்பி வரும் திறன் சிப்பின் கடைசிக் கட்டத்தைச் சுட்டுவிடலாம்.

அனுப்பும் பலகையை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே, குழாயில் கட்டி நிறுத்துங்கள். இரண்டு விநாடிக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு சிறு செய்தி, ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என ஏறும் வரிசை எண். வாங்கும் பலகையைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், உடம்பிலிருந்து கை நீட்டிய தூரத்தில் பிடியுங்கள். சட்டைப்பையில் வைத்தால் நம் உடம்பே பல டெசிபெல்லைக் குடித்துவிடும். 10, 20, 40, 80, 160, 320, 640 மீட்டர் என்று தூரத்தை இரட்டித்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 50 பாக்கெட். நோட்டில் நான்கு பத்தி: தூரம், சிக்னல் வலிமை, இரைச்சலுக்கு மேல் எவ்வளவு, வந்த பாக்கெட் எத்தனை.

நான்காவது பத்தியை விட்டுவிடுகிறவர்களே அதிகம். அதை விட்டால் மற்ற மூன்றும் பொய் சொல்லும். வலிமை எண் வந்து சேர்ந்த பாக்கெட்டுக்கு மட்டும்தான் கிடைக்கும். வராததற்கு எண்ணே இல்லை. எல்லையை நெருங்கும்போது பலவீனமானவையெல்லாம் தொலைந்து, தப்பிப் பிழைத்தவற்றின் சராசரி மைனஸ் 120 பக்கத்தில் அசையாமல் நிற்கும். வரைபடத்தைப் பார்த்தால் "இதுக்கு மேலே இழப்பே இல்ல போலிருக்கே" என்று தோன்றும். 50-க்கு 9 வந்தது என்ற குறிப்புதான் உண்மையைச் சொல்லும்.

இன்னொரு தொல்லை பவர்பேங்க். இந்தப் பலகை இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் "போன் சார்ஜ் ஆகிவிட்டது" என்று நினைத்துப் பல பவர்பேங்குகள் அரை நிமிடத்தில் தானே அணைந்துவிடும். நடந்துபோன தூரத்தில் சிக்னல் போயிற்று என்று எழுதிவைப்பீர்கள்; மாடியில் பலகை உறங்கிக்கொண்டிருக்கும். குறைந்த மின்னோட்ட வசதி உள்ளதை வாங்குங்கள், அல்லது 18650 பேட்டரியை நேராக மாட்டுங்கள். எஸ்எஃப்12-க்கு மாறினால் ஒரு சிறு பாக்கெட்டே ஒரு விநாடிக்கு மேல் நீளும் என்பதால் இடைவெளியை ஐந்து விநாடியாக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் எத்தனை டெசிபெல் குறைந்தது என்று பாருங்கள். 6 என்றால் வெட்டவெளி, சரிவு எண் 2. 9 என்றால் 3. 12 என்றால் 4. அந்த எண்தான் உங்கள் தெருவின் கையெழுத்து.

நாஞ்சில் நாட்டு வயல்வெளியில், கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பே இல்லாத இடத்தில் இதைச் செய்தால் புதுப் பாடம் ஒன்று கிடைக்கும். எல்லோரும் 2 வரும் என்று எதிர்பார்ப்பார்கள். முதல் நூறு மீட்டர் ஏறக்குறைய அப்படித்தான். பிறகு சரிவு 4-ஐ நோக்கிப் போகும். நேராக வரும் அலையோடு தரையில் பட்டுத் தெறித்த இன்னோர் அலையும் வருகிறது. சாய்கோணம் மிகக் குறையும்போது தெறித்த அலை தலைகீழாகிறது. இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே நீளம் ஆகிவிடுவதால் ஒன்றை ஒன்று தின்கின்றன. எங்கே தொடங்கும் என்பதற்குச் சின்னக் கணக்கு உண்டு: இரு உயரங்களையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, அலைநீளத்தால் வகுக்க வேண்டும். 6 மீட்டரும் 1.5 மீட்டரும் என்றால் 104 மீட்டர். அதற்கு அப்பால் ஒரு முனையின் உயரத்தை இரட்டித்தால் 6 டெசிபெல் கூடும். 25 மில்லிவாட்டை 100 மில்லிவாட் ஆக்கியதற்குச் சமம். செலவு ஒரு குழாய். திறனைக் கூட்டலாமா என்று கேட்கிற எவருக்கும் எங்கள் முதல் பதில் "ஏணி இருக்கா?" என்பதுதான்.

மாவட்டத்தின் மேற்குப் பக்கம், குலசேகரம், அருமனை பக்கம் போனால் ரப்பர். இங்கே கணக்கு முற்றிலும் மாறுகிறது. அடர்ந்த மரங்களுக்கு வைஸ்பெர்கர் சூத்திரம் என்று ஒன்று பழக்கத்தில் உள்ளது. அதன்படி இலை நிறைந்த மரங்களுக்குள் 100 மீட்டர் போனால் 866 மெகாஹெர்ட்ஸில் 19 டெசிபெல், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸில் 26 டெசிபெல் கூடுதலாகப் போய்விடும். தோட்டத்துக்குள் வைஃபை வேண்டாம், லோரா போதும் என்பதற்கு இந்த 7 டெசிபெல் வித்தியாசம் ஒரு காரணம். அந்தச் சூத்திரம் காய்ந்த இலைக்கானது. நம் ஊரில் தென்மேற்குப் பருவமழை ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஒரு முறை என்று இலை நனைந்தே கிடக்கிறது. ஈர இலை இன்னும் அதிகம் குடிக்கும். மழைத்துளி இந்த அதிர்வெண்ணை ஒன்றும் செய்வதில்லை. கனமழையில் டிடிஎச் படம் உறைவது அது 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால்.

ரப்பரில் மறக்கக் கூடாதது நாட்காட்டி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மரம் இலை உதிர்த்து நிற்கும். ஜனவரியில் மொட்டைக் கிளைகளுக்குக் கீழே அளந்து, "400 மீட்டர் தாராளமாப் போகுது" என்று சென்சாரைப் பொருத்திவிட்டுப் போனால், புதுத் தளிர் வந்து இலை அடர்ந்ததும் இணைப்பு துண்டு துண்டாகும். மழை தொடங்கினால் நின்றேவிடும். கருவி கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள். மாறியது சானல். இலை இல்லாத காலத்தில் அளக்க நேர்ந்தால் குறைந்தது 20 டெசிபெல்லைக் கையிருப்பாக விட்டுவிட வேண்டும்.

உயரம் பற்றி மேலே சொன்னதும் இங்கே அப்படியே பொருந்தாது. ரப்பர் தோட்டத்தில் கீழ்ப்பகுதி வெறும் தண்டு, மேலே இலைக்கூரை. சில நூறு மீட்டருக்குள் என்றால் ஆன்டெனாவைத் தண்டு மட்டத்திலேயே, பால் வெட்டும் உயரத்தில் வைப்பது நல்லது. பாதி ஏற்றி இலைக்குள் செருகினால் உள்ளதும் போகும். ஏற்றுவதானால் கூரைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். மர வரிசையின் ஊடே நேராகப் பார்க்கும் பாதைக்கும் வரிசைகளைக் குறுக்கே வெட்டும் பாதைக்கும் அளவு வேறுபடும். இரண்டையும் எடுங்கள்.

தென்னை விளைகளில் வேறொரு கண்கட்டு. இரண்டு மாடிகளுக்கு நடுவே, தென்னந்தலைகளுக்கு மேலாக எதிர்மாடி தெரிகிறது என்பதால் பாதை திறந்திருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. அலை நூல்பிடித்த மாதிரிப் போவதில்லை. நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவ இடம் அதற்கு வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்பது இதுதான். 2 கி.மீ. பாதையில் 866 மெகாஹெர்ட்ஸுக்கு அதன் ஆரம் நடுவில் 13 மீட்டர். அதில் 60 சதவீதம், 8 மீட்டர் அளவு, பார்வைக் கோட்டுக்குக் கீழே காலியாக இருக்க வேண்டும். வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ்ஷுக்கு 3 மீட்டர் போதும். ஆனால் மட்டை காற்றில் வந்து அந்த 3 மீட்டருக்குள் ஆடினால் வேகம் ஏறி இறங்கும். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் மட்டும் வரும் கோளாறுக்கு ரவுட்டரை மாற்றிப் பயனில்லை. வேளிமலை மாதிரி ஒரு மேடு பார்வைக் கோட்டைச் சும்மா தொட்டாலே 6 டெசிபெல் போகும். கோட்டுக்கு மேலே எழும்பினால் இழப்பு வேகமாக ஏறும்.

இனி அந்த மீதிப் பாதி. பலகையை ஒரே இடத்தில் வைத்து எண்ணைப் பாருங்கள்: மைனஸ் 88. அப்படியே ஒரு சாண் நகர்த்துங்கள்: மைனஸ் 104. இன்னொரு சாண்: மைனஸ் 90. நிகழ்வது இதுதான்: சுவர், தண்ணீர்த்தொட்டி, நிறுத்திவைத்த லாரி என்று பல இடங்களில் தெறித்த அலைகள் ஓரிடத்தில் கூடுகின்றன, அடுத்த சாணில் ஒன்றை ஒன்று அழிக்கின்றன. எதிரெதிராக வரும் இரண்டு அலைகளுக்கு ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடைவெளி அரை அலைநீளம், அதாவது 17 செ.மீ. வைஃபைக்கு 6 செ.மீ. ஆகவே ஒரே புள்ளியில் எடுத்த 50 அளவுகளுக்கு மதிப்புக் குறைவு. ஒரு மீட்டர் வட்டத்துக்குள் மெல்ல நகர்த்திக்கொண்டே எடுங்கள். சராசரி போடும்போது டெசிபெல் எண்களை அப்படியே கூட்டாமல் மில்லிவாட்டுக்கு மாற்றிக் கூட்டி, பிறகு திரும்ப மாற்றுங்கள். நேர்ப்பாதையே இல்லாத இடத்தில் இந்த ஒரு கவனக்குறைவே 2.5 டெசிபெல் பிழையைத் தரும். ராலே என்ற பெயரை இப்போது புத்தகத்தில் தேடலாம்.

தெறித்த அலை தாமதமாகவும் வருகிறது. 300 மீட்டர் சுற்றினால் ஒரு மைக்ரோவிநாடி. வைஃபை பொறுத்துக்கொள்ளும் தாமதம் பொதுவாக 0.8 மைக்ரோவிநாடி, 240 மீட்டர்ச் சுற்று. 4ஜி-க்கு 4.7, ஏறக்குறைய 1.4 கி.மீ. மலையடிவார ஊருக்கு இந்தக் கூடுதல் அவகாசம் தேவைப்படுகிறது. நகரும்போது டாப்ளர், அதாவது ஓட்டத்தால் அதிர்வெண் மாறுவது, சேரும்: 100 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயிலில் 900 மெகாஹெர்ட்ஸ் 83 ஹெர்ட்ஸ் நகரும். தொடக்கக்காரர் இதற்குமேல் கவலைப்பட வேண்டாம்.

இரைச்சலை ஒரு பத்தியில் முடிக்கலாம். அறை வெப்பத்திலேயே ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் மைனஸ் 174 டிபிஎம் இரைச்சல் உண்டு. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு 51-ஐயும் கருவியின் சொந்த இரைச்சல் 6-ஐயும் கூட்டினால் மைனஸ் 117. எஸ்எஃப்7 அதற்கும் 7.5 டெசிபெல் கீழே, எஸ்எஃப்12 20 டெசிபெல் கீழே கேட்கும். அதற்குக் கொடுக்கும் விலை வேகம். 1948-ல் கணிதர் ஷானன் போட்ட எல்லைக்கோட்டின்படி, மைனஸ் 20 டெசிபெல்லில் இந்த அகலத்தில் விநாடிக்கு 1,800 பிட் அளவுதான் யாராலும் அனுப்ப முடியும். எஸ்எஃப்12 அனுப்புவது 290. மலிவான எல்இடி விளக்கும் இன்வெர்ட்டரும் பக்கத்தில் இருந்தால் இரைச்சல் மட்டம் இன்னும் எழும்பும், அப்போது இந்தக் கணக்கெல்லாம் மேலே தள்ளப்படும்.

கடைசியாகக் கடல். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் துறைமுகங்களில் விஎச்எஃப் செட் பற்றி எப்போதும் கேட்கும் கேள்வி, எத்தனை வாட் என்பது. அங்கே எல்லையைப் போடுவது பூமியின் வளைவு. இரு ஆன்டெனாக்களின் உயரத்துக்கும் மீட்டரில் வர்க்கமூலம் கண்டு கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். தண்ணீர்மட்டத்துக்கு மேல் 3 மீட்டரில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகளுக்கு நடுவே 14 கி.மீ. கரையில் 30 மீட்டர் கோபுரம் இருந்தால் 30 கி.மீ. வெயில் காலத்தில் கடல்மேல் காற்றடுக்குகள் குழாய்போல அமைந்து சில நாட்கள் எங்கெங்கோ உள்ள நிலையங்கள் கேட்கும். அதை நம்பித் தொழிலுக்குப் போக முடியாது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் நின்றவர்கள் இந்த வட்டத்துக்கு வெகு அப்பால் இருந்தார்கள். எத்தனை வாட் செட்டாலும் எட்டியிருக்காது. அதன் பிறகு படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழி டிரான்ஸ்பாண்டர் வந்ததன் காரணம் இந்த வர்க்கமூலம்தான்.

வட்டத்துக்குள்ளேயே செட் சரியாகக் கேட்கவில்லை என்றால் வானத்தைப் பார்ப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள். ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் ஓடினால் 156 மெகாஹெர்ட்ஸில் 2 டெசிபெல்தான் போகும். அதே கேபிளை லோராவுக்குப் போட்டால் 5 டெசிபெல்லுக்கு மேல், அதாவது திறனில் முக்கால்பங்கு கேபிளிலேயே காலி. இது புதுக் கேபிளுக்கு. உப்புக்காற்றில் ஒரு பருவம் கிடந்ததைக் கனெக்டருக்குக் கீழே ஒரு விரல்கிடை நீளத்துக்குக் கீறிப் பாருங்கள். உறைக்கு அடியில் பின்னல் பளபளக்க வேண்டும். பச்சைக் களிம்பு பூத்திருந்தாலோ, கறுத்திருந்தாலோ அங்கிருந்து வெட்டி எறியுங்கள். நல்ல பின்னல் தெரியும்வரை வெட்டி, புதுக் கனெக்டரைச் சால்டர் செய்து, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்வதுபோல மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் படிய வேண்டும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் மழைத்தண்ணீருக்கு ஒரு மடை.